பிரசாதம் முதல் ஸ்பீக்கர் வரை: கிறிஸ்தவச் சுதந்திரம், மனச்சாட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் வரும். பாலக்கோடோ ஓசூரோ, கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிரசாதம், பொட்டு, ஆயுத பூஜை, பங்காளி வீட்டுச் சாவு. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். சபைக்குச் சபை முடிவு மாறுகிற இடங்களில் அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் ரோமர் 14, 15 அதிகாரங்களையும் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையும் ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் மூன்று கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. "கிறிஸ்தவங்களுக்குச் சுதந்திரம் உண்டுன்னு பிரசங்கம் பண்றாங்க. அப்போ எது வேணாலும் செய்யலாமா?"

இல்லை. செயல்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டளையாகச் சொல்லப்பட்டவை: பிறரை நேசிப்பது, தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது, வேலைக்காரன் கூலியைப் பிடித்து வைக்காமல் கொடுப்பது. தடுக்கப்பட்டவை: பொய், களவு, விபசாரம், விக்கிரக ஆராதனை. இரண்டிலும் சேராதவை: என்ன சாப்பிடுவது, எந்த நாளை விசேஷமாக வைப்பது, பூ வைப்பதா வேண்டாமா. சட்டத்தைக் கைக்கொண்டுதான் கடவுளிடம் சேர வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டது என்பதே கலாத்தியர் நிருபம் சொல்லும் சுதந்திரம். அன்றாடத்தில் அது வெளிப்படுகிற இடம் இந்த மூன்றாவது வகை.

அதற்கும் பவுல் நிபந்தனை வைக்கிறார். அதிகாரம் உண்டு, ஆனால் எல்லாம் தகுதியாக இருக்காது, எல்லாம் பக்தியை வளர்க்காது (1 கொரிந்தியர் 10:23). "செய்யலாமா?" என்று கேட்டு முடித்ததும், "பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும்?" என்று இன்னொரு கேள்வி கேட்கச் சொல்கிறார். இங்கே நடக்கிற சண்டைகளில் பெரும்பகுதி மூன்றாவது வகையைத் தூக்கி இரண்டாவதில் போடுவதால் வருவது. தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 14ஆம் கேள்வி.

2. "மனச்சாட்சின்னா மனசு சொல்றதுதானே? அது சொன்னா சரிதானே?"

பாதி சரி. மனச்சாட்சி சாட்சி சொல்லும். ஆனால் அது வளர்ந்த வீடு, பழகிய சபை, பட்ட பயம் எல்லாம் அதற்குள் கலந்திருக்கும். சந்தைத் தராசு மாதிரி: எடைக்கல் தேய்ந்திருந்தால் முள் நேராக நின்றாலும் எடை தப்புதான். சிலருக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் உறுத்தும். சிலருக்குச் சூடுபட்டு மரத்துப்போயிருக்கும் (1 தீமோத்தேயு 4:2). "என்மேல் குற்றம் எதையும் நான் அறியேன், அதனால் மட்டும் நான் நீதிமான் ஆகிவிடவில்லை" என்ற பொருளில் பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 4:4).

அதற்காக மீறிவிடலாம் என்றும் இல்லை. சந்தேகத்தோடு சாப்பிடுபவன் குற்றவாளியாகிறான் என்று ரோமர் 14:23 சொல்கிறது. பண்டம் சுத்தமானதாக இருந்தாலும்கூட. ஆகவே உறுத்தினால் முதலில் நிறுத்துங்கள். பிறகு சம்பந்தப்பட்ட வேதபகுதியை முழு அதிகாரமாக வாசியுங்கள், ஒரு வசனமாக அல்ல. உங்களோடு ஒத்துப்போகிற ஒருவரிடமும் ஒத்துப்போகாத ஒருவரிடமும் கேளுங்கள். உறுத்துவது கடவுளுக்குப் பயந்தா, மாமியாருக்குப் பயந்தா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு முடிவுக்கு வந்தபின் வாராவாரம் அதைக் கிளறாதீர்கள்.

3. "கறி சாப்பிடாதவர்தானே பக்தியில பலசாலி? பைபிள்ல ஏன் மாத்திச் சொல்லியிருக்கு?"

ரோமர் 14இல் மரக்கறி மட்டும் புசிப்பவரைத்தான் பவுல் பலவீனர் என்கிறார். அந்தச் சபையின் நிலவரம் தெரிந்தால் இது புரியும். கி.பி. 49 வாக்கில் ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றினான். யூதக் கிறிஸ்தவர்களும் போனார்கள் (அப்போஸ்தலர் 18:2). அவன் 54இல் இறந்தபின் பலர் திரும்பினார்கள். அதற்குள் சபை யூதரல்லாதவர் கைக்குப் போயிருந்தது. ஒரே பந்தியில் இரண்டு பழக்கம். 57 வாக்கில் பவுல் அவர்களுக்கு எழுதுகிறார்.

பலவீனம் என்றால் ஒழுக்கக் குறைவு அல்ல. "இதைச் செய்யலாம்" என்ற நிச்சயம் இன்னும் உள்ளே உறைக்காத நிலை. நேற்றுவரை மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவருக்குக் கூழ் வாசனையே பழையதை இழுத்துவரலாம். மூன்று தலைமுறையாகச் சபையில் இருப்பவருக்கு அது வெறும் கேழ்வரகுக் கூழ். இருவருக்கும் ஆளுக்கொரு கட்டளை: சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக் கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது (14:3). ஏளனம் ஒரு பக்கத்து வியாதி, தீர்ப்பு மறுபக்கத்து வியாதி.

4. "பக்கத்து வீட்ல மாரியம்மன் பண்டிகைக்குக் கிடா வெட்டிக் குழம்பு கொடுத்து விட்டாங்க. வாங்கலாமா, கூடாதா?"

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். 1 கொரிந்தியரில் ஒரே இறைச்சிக்கு மூன்று இடங்களில் மூன்று பதில் இருக்கிறது. கோயில் பந்தியில் உட்கார்ந்து படையலில் பங்கெடுப்பது: வேண்டாம், அது ஆராதனையில் சேர்வது (10:14–22). கடையில் விற்கிற இறைச்சி: விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு (10:25). விசுவாசியல்லாதவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால்: வைத்ததைச் சாப்பிடு (10:27). ஆனால் அங்கே ஒருவர் "இது படைத்தது" என்று சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே (10:28–29). உன் மனச்சாட்சிக்காக அல்ல, அவருடையதற்காக என்று பவுல் குறித்துச் சொல்வதைக் கவனியுங்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால்: கோயில் திடலில் பூசாரி படைத்து இலை போடுகிற பந்தி முதல் வகை. அண்டை வீட்டு அக்கா தூக்கில் ஊற்றிக்கொண்டுவருகிற குழம்பு மூன்றாவது வகை. "எங்க வீட்ல விருந்து, பிள்ளைங்களுக்குக் கொடு" என்றால் வாங்குவதில் தடை தெரியவில்லை. "சாமிக்குப் படைச்சது, பிரசாதம்" என்று சொல்லியே நீட்டினால் 10:28 வந்துவிடுகிறது. சபைகள் பலவும் அங்கே வேண்டாம் என்றுதான் சொல்லித்தருகின்றன. உங்கள் வீட்டிலேயே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் இருந்தால், குழம்பாக இருந்தாலும் அவரைப் பார்த்து முடிவெடுங்கள்.

மறுப்பதற்கும் முறை இருக்கிறது. வாசலிலேயே நிற்கவைக்காமல் உள்ளே கூப்பிடுங்கள். "அக்கா, படைச்சது நாங்க சாப்பிடுறதில்ல, தப்பா நினைக்காதீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்றால் போதும். பிசாசுக்குப் படைத்தது என்று வாசலில் வகுப்பு எடுக்காதீர்கள். வாங்கிவைத்துக்கொண்டு பின்னால் குப்பையில் கொட்டுவது எல்லாவற்றிலும் மோசம். தெருவில் அது தெரியாமல் இருக்காது. பாத்திரத்தை வெறுமனே திருப்பாமல் கொஞ்சம் பழமோ அரிசியோ போட்டுக் கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் தருகிற பலகாரத்தை அவர்கள் முகம் சுளிக்காமல் வாங்குகிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

5. "பாய் கடையில ஓதி அறுத்த கறி?"

கடையில் விற்பது, 10:25 நேராகப் பொருந்தும். அங்கே எந்த விக்கிரகத்துக்கும் படைப்பதில்லை, கடவுள் பெயரைச் சொல்லி அறுக்கிறார்கள். உறுத்துகிறவர் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம், மற்றவர் பையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

6. "ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு சபை, சாப்பிடலாம்னு ஒரு சபை. எது சரி?"

அப்போஸ்தலர்கள் கூடிய எருசலேம் சங்கம் யூதரல்லாத விசுவாசிகளுக்கு நான்கு விலக்குகள் எழுதி அனுப்பியது: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிபட்டுச் செத்தது, வேசித்தனம் (அப்போஸ்தலர் 15:29). இரத்தத் தடை மோசேக்கு முன்பே நோவா காலத்தில் வந்தது (ஆதியாகமம் 9:4), அதனால் என்றும் நிற்கும் என்பது ஒரு தரப்பு; கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பல பெந்தெகொஸ்தே குடும்பங்களும் இப்படி. யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் உட்காருவதற்காக அந்தக் காலத்துக்குச் சொன்னது என்பது மறுதரப்பு. கத்தோலிக்கச் சபை 1442இல் புளோரன்ஸ் சங்கத்தில் இப்படித்தான் விளக்கியது, சீர்திருத்தச் சபைகள் பலவும் அதே வழி.

இரண்டுக்கும் வாதம் இருப்பதால் உங்கள் வீட்டில் நீங்கள் தீர்மானியுங்கள். சபை விருந்து, கல்யாணப் பந்தி என்றால் மட்டும் ஒரு ஒழுங்கு வேண்டும்: ரத்தம், குடல் போட்ட வகையைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வையுங்கள். பரிமாறுகிறவர் பெயரைச் சொல்லியே பரிமாறட்டும். குழம்போடு கலந்துவிட்டு "தெரியாம சாப்பிட்டா ஒண்ணுமில்ல" என்று சிரிப்பது 3ஆம் பதிலில் சொன்ன ஏளனம்தான்.

7. "பொட்டு வெச்சா கிறிஸ்தவளே இல்லைன்றாங்க. பூ, நகை, தாலி எல்லாத்துக்கும் இதே பேச்சு. என்னதான் செய்யறது?"

இது புதிய சண்டை அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி சந்தனம், பூணூல், குடுமி ஆகியவை சமூக அடையாளங்கள் என்று வாதிட்டார்; எதிர்த்தவர்கள் அவை சமய அடையாளங்கள் என்றார்கள். 1623இல் ரோம் அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தது. அதே ஆண்டில்தான் அவர் சேலம் சீமைக்கும் வந்தார். ஒரே பொருள் ஒருவருக்கு வழிபாடு, இன்னொருவருக்கு அலங்காரம் என்ற சிக்கல் 400 வருடமாக இங்கே இருக்கிறது.

நகை பற்றிய வசனங்கள் (1 பேதுரு 3:3, 1 தீமோத்தேயு 2:9) அலங்காரத்தையே பெருமையாக வைக்காதே என்கின்றன. சில சபைகள் அதை முழு விலக்காக எடுத்து வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து என்று வாழ்கின்றன. அது அவர்கள் கடவுளுக்கென்று எடுத்த முடிவு, மதியுங்கள். உங்கள் மேல் அதைச் சுமத்தினால் ஏற்க வேண்டியதில்லை. பொட்டைப் பொறுத்தவரை, கோயிலில் வாங்கிய குங்குமத்தை நெற்றியில் இடுவதும் கடையில் வாங்கிய ஸ்டிக்கர் ஒட்டுவதும் ஒன்றல்ல என்று பலர் பிரித்துப் பார்க்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றைத் தீர்மானமாகச் சொல்கிறோம்: நெற்றி யாருடையதோ முடிவும் அவருடையது. புருஷனோ போதகரோ கூட்டத்தின் நடுவே பொட்டை அழிக்கச் சொல்வது, பூவைப் பிடுங்குவது அவமானப்படுத்துவது மட்டுமே. இந்து வீட்டில் பிறந்த பெண் வெறும் நெற்றியோடு தாய் வீட்டு விசேஷத்துக்குப் போனால், அங்கே அதை விதவைக் கோலமாகத்தான் படிப்பார்கள். அம்மாவின் கண்கலங்கல் மதவெறி அல்ல. முதல் நாளே போன் செய்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போவது எவ்வளவோ நல்லது.

8. "ஓசூர் கம்பெனியில ஆயுத பூஜை. எல்லாரும் மெஷினுக்குப் பொட்டு வெச்சுக் கும்பிடறாங்க. நான் எங்க போய் நிக்கிறது?"

சீரிய சேனாபதி நாகமானுக்கும் இதே நெருக்கடி. ராஜா ரிம்மோன் கோயிலில் குனியும்போது என் கையில் சாய்ந்திருப்பார், நானும் குனிய நேரிடுமே என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டான். "சமாதானத்தோடே போ" என்றார் எலிசா (2 இராஜாக்கள் 5:18–19). தடுக்கவும் இல்லை, பட்டியல் போடவும் இல்லை. கடமைக்காக ஓரிடத்தில் நிற்பதும் வழிபடுவதும் வேறு என்று பலர் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

நடைமுறை: ஒரு வாரம் முன்பே சூப்பர்வைசரிடம் தனியாகப் பேசுங்கள். மெஷினைத் துடைப்பது, எண்ணெய் போடுவது, தரை கழுவுவது, மாவிலை கட்ட ஏணி பிடிப்பது எல்லாம் வேலை. முழு மனதோடு செய்யுங்கள். ஆரத்தி, கும்பிடு நேரத்தில் பின்வரிசையில் அமைதியாக நில்லுங்கள், அல்லது ஸ்டோர் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தவறாகப் போவது எப்போது தெரியுமா? அன்று காலையில் லீவு சொல்லாமல் வராமல் இருக்கும்போது. வேலையும் கெடும், நம்பிக்கையும் கெடும். பொரி, கடலைக்கு 4ஆம் பதிலே போதும். பூசணிக்காய் உடைத்ததை ரோட்டிலிருந்து அகற்ற ஒருவர் முன்வந்தால் அந்த வழியாகப் போகிற பைக்காரர் எல்லாரும் வாழ்த்துவார்கள்.

9. "ஸ்கூல்ல சரஸ்வதி பூஜைக்குப் பிள்ளையை உட்கார வெக்கறாங்க. சட்டம் என்ன சொல்லுது?"

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. 28(3)ஆம் பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்த மாணவரையும் சம்மதமின்றி வழிபாட்டில் சேர்க்க முடியாது. சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கேரளத்து யெகோவா சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எழுந்து நின்றது அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் பேசப்பட்டது.

சட்டத்தை முதல் நாளே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் அதோடு முடியும். அதே 28(3) நம் மிஷன் பள்ளியில் படிக்கிற இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். காலை ஜெபத்தில் கைகூப்பாத பிள்ளையை அதட்டுகிற ஆசிரியர் இந்தப் பதிலை இரண்டுமுறை வாசிக்கலாம்.

10. "ஊர்ப் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி கேக்கறாங்க. கொடுத்தா விக்கிரகத்துக்குக் கொடுத்த மாதிரி, கொடுக்கலைன்னா ஊரை விட்டு ஒதுக்கிடுவாங்க."

ஊர் வசூல் அரசு வரி அல்ல, சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஊரில் வாழ்வது சட்டத்தால் மட்டும் நடப்பதில்லை. அந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது என்று பிரித்துக் கேளுங்கள்: பூஜை, கிடா, பூசாரி ஒரு பக்கம், தண்ணீர் டேங்க், தெருவிளக்கு, ரோடு சீர், சாப்பாடு, தெருக்கூத்து இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் ஏதாவது ஒன்றை உங்கள் பெயரில் ஏற்றுக்கொள்ளுங்கள்: இரண்டு டேங்கர் தண்ணீர், ஒரு மூட்டை அரிசி.

பேச வேண்டிய நேரம் ஊர்க்கூட்டத்துக்கு முன், பேச வேண்டிய இடம் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை. வசூலுக்கு நோட்டோடு வாசலுக்கு வந்தபின் விளக்கம் சொன்னால் நாலு பேர் முன்னால் மறுத்ததாகிவிடும். அடுத்தது தொகை. தலைக்கட்டுக்கு 1,000 ரூபாய் என்றால் நீங்கள் ஏற்றதும் 1,000க்குக் குறையக் கூடாது. மனச்சாட்சியால் காசு மிச்சமாகிறது என்றால் அந்த மனச்சாட்சியை ஊர் நம்பாது. நம்ப வேண்டியதும் இல்லை.

11. "அப்பா இந்து. நான் மூத்த பையன். அவர் போனா கொள்ளி வெக்கணும், மொட்டை அடிக்கணும், காரியம் பண்ணணும். கேட்கவே பயமா இருக்கு."

பயப்பட வேண்டியதைப் பற்றித்தான் முன்கூட்டியே பேச வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவர் வாயாலேயே, பங்காளிகள் கேட்க ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. "சடங்கை என் ரெண்டாவது பையன் பார்த்துக்கட்டும், செலவையும் மத்ததையும் பெரியவன் பார்ப்பான்" என்று அவரே சொன்னது எடுபடும். சாவு விழுந்த வீட்டில், பறை அடிக்க ஆரம்பித்தபின், புதிதாக ஒரு கொள்கையைச் சொன்னால் யார் காதிலும் ஏறாது.

எது எது என்று தனித்தனியாகப் பாருங்கள். பாடை தூக்குவது, குழி வெட்ட ஆள் பார்ப்பது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது: இவற்றில் எந்தச் சபைக்கும் தடை இல்லை. சிதைக்குத் தீ வைப்பதை உடலை அடக்கம் செய்வது போன்ற ஒரு கடமையாகப் பார்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நீர்க்குடம், மந்திரம் எல்லாம் சேர்ந்தே வருவதால் விலகுபவர்களும் இருக்கிறார்கள். அடக்கம் செய்யும் குடும்பத்தில் மண் தள்ளுவது யாருக்கும் உறுத்துவதில்லை. வாய்க்கரிசி, பிண்டம், காரியத்துப் படையல் ஆகியவற்றில்தான் இறந்தவருக்குப் படைப்பது என்ற கேள்வி வருகிறது. அதைத் தம்பியோ சித்தப்பா மகனோ செய்யட்டும். மொட்டை துக்க அடையாளம் என்று நினைப்பவர் அடித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை "காணிக்கை" என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:9–13). சடங்குக்கு வரமாட்டேன் என்கிற மகன், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வராதவனாக இருந்தால் மனச்சாட்சி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

12. "ஞாயித்துக்கிழமை தக்காளி பறிக்கிறது, ஷிப்டுக்குப் போறது பாவமா?"

ஒருவர் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறார், இன்னொருவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறார், அவரவர் மனதில் நிச்சயம் இருக்கட்டும் என்கிறது ரோமர் 14:5. பழுத்த தக்காளி திங்கள்வரை காத்திருக்காது. கடைசிப் பருவத்துப் பட்டுப்புழுவுக்கு இலை தவறினால் கூட்டின் எடையே குறையும். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கமாட்டீர்களா என்று இயேசு கேட்டது ஓய்வுநாளைக் கடுமையாகக் காத்த பரிசேயரிடம்தான் (லூக்கா 14:5).

கத்தோலிக்கருக்கு ஞாயிறு திருப்பலி திருச்சபைச் சட்டம். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் கணக்கில் வரும், ஷிப்டுக்காரர்களுக்கு அது உதவி. ஏழாம் நாள் சபையார் சனிக்கிழமையைக் காக்கிறார்கள். நீங்கள் முதலாளி என்றால் கேள்வி வேறு: உங்கள் தோட்டத்துக் கூலியாட்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? நீங்கள் ஆராதனையில் இருக்க, அவர்கள் வெயிலில் இருந்தால் அந்த நாள் யாருக்கு விசேஷம்?

13. "லெந்து நாள்ல கறி, கல்யாணத்துல பீர். இதெல்லாம்?"

லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள்): கத்தோலிக்கருக்குச் சாம்பல் புதனும் புனித வெள்ளியும் நோன்பு (18 வயதுமுதல் 59வரை), இறைச்சித் தவிர்ப்பு 14 வயதிலிருந்து. சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலானவற்றில் அவரவர் விருப்பம். நோன்பு இருப்பவர் வீட்டுக்கு அன்று பிரியாணிப் பொட்டலத்தோடு போகாதீர்கள், அவ்வளவுதான்.

மது: குடிவெறி தடுக்கப்பட்டது, அது முதல் பதிலின் இரண்டாம் வகை. வெறிக்காத அளவு பற்றிச் சபைகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் ரோமர் 14:21 இறைச்சியோடு திராட்சரசத்தையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. குடியை விட்டு ஆறு மாதம் ஆனவர் உட்கார்ந்திருக்கிற மேசையில் பாட்டில் திறக்க யாருக்கும் சுதந்திரம் இல்லை என்பது எங்கள் கருத்து.

14. "மாம்பழத்துக்குக் கல்லு வெச்சுத்தான் பழுக்க வெக்கறோம். கிருஷ்ணகிரியில எல்லாரும் செய்றதுதான். என் மனச்சாட்சி ஒண்ணும் குத்தல."

குத்தாதது சான்று அல்ல. 2ஆம் பதிலில் சொன்ன தேய்ந்த எடைக்கல் இதுதான். எல்லாரும் செய்கிறார்கள் என்பதும் உண்மையல்ல. நீங்கள் வைக்கிற கல், அதாவது கால்சியம் கார்பைடு, ஈரம் பட்டு அசிட்டிலின் வாயுவை விடுகிறது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும். தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு நிற்கும். 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தடுத்திருக்கின்றன. எத்திலின் வாயுவை 100 பி.பி.எம். வரை பயன்படுத்தலாம், எத்திலின் பொட்டலம் பழத்தில் நேரடியாகப் படக் கூடாது. வைக்கோல் போட்டுப் பழுக்கவைப்பதும் இருக்கிறது, நாளாகும்.

வாங்குகிறவர் உடம்புக்குக் கேடு என்று தெரிந்தபின் இது மூன்றாம் வகை அல்ல. கள்ள எடை, கலப்படம், கூலியில் பிடித்தம் எல்லாம் இப்படித்தான். பொட்டைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிற கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பது எங்களுக்கு ஆச்சரியம்.

15. "முழு ராத்திரி ஜெபத்துக்கு ஸ்பீக்கர் வெச்சா கம்ப்ளெயின்ட் பண்றாங்க. ஜெபம் பண்ணச் சுதந்திரம் இல்லையா?"

ஜெபத்துக்கு உண்டு, ஸ்பீக்கருக்கு அளவு உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் வரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். பகலிலும் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோயிலிலும் வைக்கிறார்களே என்பது பதில் அல்ல. 10 மணிக்குமேல் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஜன்னலை மூடிப் பாடுங்கள். கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம்; உள்ளே சிறிய பெட்டி போதும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு நடக்கும்போது பக்கத்து வீட்டில் எந்தப் பிள்ளை படிக்கிறது என்று கேட்டு நேரத்தை மாற்றுங்கள். வண்டிகளைத் தெருவை அடைத்து நிறுத்தாமல் இருக்க ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

16. "அந்த ஜாதிக்காரங்களோட ஒரே பந்தியில உட்கார்ந்தா எங்க சொந்தக்காரங்க இடறுவாங்க. அவங்களுக்காக நான் ஒதுங்கிக்கலாமா?"

கூடாது. அந்தியோகியாவில் பேதுரு செய்தது இதையேதான். யூதரல்லாதவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார் (கலாத்தியர் 2:11–14). சாப்பாட்டு விஷயத்தில் அவ்வளவு விட்டுக்கொடுக்கச் சொன்ன அதே ஆள்.

பலவீனரின் மனச்சாட்சிக்காக ஒரு பண்டத்தை விடலாம், ஒரு மனிதரை விட முடியாது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, நற்கருணைக்குத் தனி வரிசை, தனி டம்ளர் எதற்கும் ரோமர் 14ஐக் கூப்பிடாதீர்கள்.

17. "எங்க சபையில ஒரு பெரியவர். கிட்டார் வாசிச்சா இடறல், சுடிதார் போட்டா இடறல். எவ்வளவு நாள்தான் விட்டுக்கொடுக்கிறது?"

இடறல் என்று 1 கொரிந்தியர் 8:10 சொல்வது குறிப்பான ஒன்றை: உங்களைப் பார்த்து ஒருவர் துணிந்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமானதைத் தானும் செய்து கெட்டுப்போவது. பெரியவர் சுடிதார் போடப்போவதில்லை. அவருக்கு இருப்பது பிடிக்காமை. அதற்கும் மரியாதை காட்டலாம், அவர் வீட்டுக்குப் போகும்போது சேலை கட்டிக்கொண்டும் போகலாம். ஆனால் அது உங்கள் தயவு, அவருடைய உரிமை அல்ல.

பவுலே இரண்டு விதமாக நடந்தார். யூதர் நடுவே ஊழியம் செய்யத் தடையாக இருக்கக் கூடாது என்று உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் (சுன்னத்து) செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). இன்னொரு உடன் ஊழியர் தீத்துவுக்குச் செய்தே ஆக வேண்டும் என்று சிலர் சட்டமாக நின்றபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2:3–5). கேட்கிறவர் தடுமாறுகிறாரா, ஆளப் பார்க்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நீங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்தபின் அடுத்த மாதம் புதிதாக இன்னொன்று வருகிறதா பாருங்கள்.

18. "வீட்ல சாப்பிடறேன், அவங்க முன்னாடி சாப்பிடறதில்ல. இது வேஷம் இல்லையா?"

உனக்குள்ள நிச்சயம் கடவுளுக்கு முன்பாக உன்னோடு இருக்கட்டும் என்பது ரோமர் 14:22இன் பொருள். அதனால் தனியாக அனுபவிப்பதற்கே இடம் இருக்கிறது. பேதுரு செய்ததிலிருந்து இது எப்படி வேறு? அவர் தன் பெயரைக் காக்க விலகினார், விலகியதால் மற்றவர் அவமானப்பட்டார்கள். நீங்கள் இன்னொருவருக்காக விலகினால், யாருக்கும் அவமானம் இல்லை.

நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "வீட்ல சாப்பிடுவேன், உங்க முன்னாடி வேண்டாம்னு வெச்சிருக்கேன்" என்றால் கேட்டவருக்குக் கோபம் வராது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இலையோடு படம் போட்டுவிட்டு "என் தனிப்பட்ட விஷயம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் மறைத்துப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். அப்படி மறைக்க யோசிக்கிற நேரத்தில் போடாமலே விட்டுவிடலாம்.